முள் பதினாறைத் தாண்டினால்

அம்மாவுக்கும் மகளுக்கும் இருந்த ஒப்பந்தம் ரொம்பச் சுருக்கமானது. முள் பதினாறைத் தாண்டினால் எர்மியோனி தன் வீட்டில் தன் பாட்டுக்கு இருக்கலாம். தாண்டாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலேறி ஏதென்ஸுக்குப் போய், மகள் கிளியோவின் ஐந்தாவது மாடி வீட்டில், எதிர்க்கட்டடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும்.

முள் என்றால் ஊர்ச் சுகாதார நிலையத்து மேசையில் இருக்கும் கருவியின் முள். ஒரு இரும்புக் கைப்பிடி, அதற்கு மேல் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். கையால் இறுக்கினால் முள் நகரும். பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஏதோ ஆராய்ச்சி பண்ணுகிறார்கள். எழுபதைத் தாண்டியவர்களின் கையில் எவ்வளவு பலம், காலில் எவ்வளவு பலம், ரத்தத்தில் என்ன ஓடுகிறது, மனசில் என்ன ஓடுகிறது, எல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊர்க் கிழடுகள் எல்லாம் வரிசையில் நின்று இறுக்கும், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரும், ரத்தம் கொடுக்கும். கடைசியில் டாக்டர் ஸ்மாரோ கேள்வி கேட்பாள். நல்லாத் தூங்குறீங்களா, யாராவது பேச்சுத்துணை இருக்காங்களா, கடைசியா எப்ப மனசு விட்டுச் சிரிச்சீங்க, இப்படி.

பெண்களுக்குப் பதினாறு கிலோவுக்குக் கீழே போனால் தசை தளர்ந்துவிட்டது என்று கணக்கு. அந்தச் சனியன் பிடித்த எண்ணைக் கிளியோவிடம் சொன்னது வேறு யாருமில்லை, எர்மியோனியேதான். பீற்றிக்கொள்ளப் போய் மாட்டிக்கொண்டாள். "எனக்குப் பதினெட்டுடி, இந்தத் தெருவுல என் வயசுக்காரிங்க எவளுக்கும் அவ்வளவு இல்ல" என்று போனில் பெருமையடித்தாள். "சரிம்மா, அப்ப பதினாறுக்குக் கீழ போனா நீ இங்க வந்துடணும், சத்தியம் பண்ணு" என்று மகள் அதையே பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து துணி துவைப்பது எர்மியோனிக்குப் பயிற்சியாகிவிட்டது. ஈரப் போர்வையைச் சொட்டு மிச்சமில்லாமல் பிழிவாள். ஆலிவ் ஜாடியின் மூடியைத் தேவைக்கு மேல் இறுக்கி மூடிவிட்டு, மறுபடியும் திறப்பாள். கருவியின் முகம் எப்போதும் டாக்டர் பக்கம் பார்த்தபடி இருக்கும் என்பதால், எண்களைத் தலைகீழாகப் படிக்கவும் பழகிவிட்டாள். டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே தன் தலையெழுத்து அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்குப் பயம் ஏதென்ஸ் மட்டுமில்லை. அவளுடைய அக்கா அரெத்தி ஒரு பண்டிகை நாளில் கோயில் படியில் கால் வைத்தாள், கால் ஏறவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம். அப்புறம் தொடை, இடுப்பு, கை, கழுத்து என்று ஒவ்வொன்றாக அவளைக் கைவிட்டன. எர்மியோனிதான் அவளைப் புரட்டிப் போட்டாள், கழுவினாள், கரண்டியால் ஊட்டினாள். கடைசியில் அரெத்தி கண்ணிமையால்தான் பேசினாள். ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை. போதுமா என்று கேட்டால் ஒரே தடவை மூடிவிட்டு, திறக்கவே மாட்டாள். அதைப் பார்த்த எர்மியோனி, முழங்கால் சும்மா சொடக்கு விட்டாலும் உடனே எழுந்து நாலடி நடந்து பார்ப்பாள்.

இனி இக்னாத்திஸ். பின் தெருக்காரன். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். வேட்டைக்காரன், அதைவிடப் பெரிய வாய்க்காரன். செப்டம்பரில் காடைக் கூட்டம் கடலைத் தாண்டிப் போகிற வழியில் எங்கள் லெஸ்வோஸ் தீவில் களைத்து இறங்கும். துப்பாக்கியோடு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த மனுஷன் காடை மாதிரியே கூவுகிற ஒரு பெட்டியைப் புதருக்குள் ஒளித்து வைத்து அதுகளை ஏமாற்றிக் கூப்பிடுவான். அது குற்றம். ஒரு தடவை வனக்காவலரிடம் மாட்டி, இன்னொரு தடவை பிடிபட்டால் துப்பாக்கி போய்விடும் என்று எச்சரிக்கையும் வாங்கியிருக்கிறான்.

சனிக்கிழமை சந்து வழியாக வந்து, எர்மியோனியின் முற்றத்து வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"எர்மியோனி, நாளைக்குக் காடை சமைக்கிறேன். வா."

"எதுக்கு, ஊர் வாயில விழுறதுக்கா?"

"ஊரு சாப்பிட்டுட்டுத் தூங்கும். கொல்லைக் கதவு திறந்திருக்கும்."

"எங்க வீட்ல காடை சாப்பிட மாட்டோம்யா."

"ஏன், அதுங்க உங்களுக்குச் சொந்தக்காரங்களா?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உண்மையிலேயே அவர்கள் வீட்டில் காடை நுழைந்ததில்லை. நம்ம ரத்தத்துக்கு அது ஆகாது என்று எர்மியோனியின் அம்மா சொல்லிவைத்திருந்தாள். ஏன் ஆகாது என்று அவள் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை. தாய்மாமன் ஒருவர் வேட்டையில் கண்ணை இழந்தவர், அந்த வெறுப்பில் கிழவி சொல்லியிருப்பாள் என்று எர்மியோனி தானாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டாள். எழுபத்து மூன்று வயதில் இனி அம்மாவுக்கு என்ன பயம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் அடங்கியதும், கறுப்பு உடுப்புக்கு மேல் நல்ல சால்வையைப் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகப் போனாள்.

இக்னாத்திஸ் காடைகளைத் திராட்சை இலையில் சுற்றி, பிரிஞ்சி இலை போட்டு, எண்ணெயில் மெத்தென்று வேகவைத்திருந்தான். எர்மியோனியின் புருஷன் தங்கமான மனுஷன்தான், ஆனால் அவருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கக்கூடத் தெரியாது. ஒரு ஆம்பிளை சமைத்துப் பரிமாற, தான் கால் நீட்டி உட்கார்ந்து தின்பது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எலும்பைக்கூட விடவில்லை. இக்னாத்திஸ் பாதிரியார் மாதிரியும் வனக்காவலர் மாதிரியும் பேசிக் காட்டினான். கொஞ்சம் உசோச் சாராயமும் உள்ளே போயிருந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போதும்யா, வயிறு வலிக்குது என்று மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கிளம்பும்போதுதான் வினை. கொல்லைக்குப் பின்னால் சந்தில் இரண்டு பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். முன்வாசலுக்கு எதிரே காப்பிக்கடை. விதவை ஒருத்தி தனியாக இருக்கும் ஆம்பிளை வீட்டிலிருந்து மத்தியானத்தில் வெளியே வந்தால், சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கப் பேச்சாகிவிடும். அதனால் சுவர் இடிந்த மூலை வழியாக வெளியேறி, ஆட்டுத் தடத்தில் குன்றின் மேல் ஏறி, சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வயிறு நிறையச் சாப்பாடு, மண்டை பிளக்கிற வெயில், செங்குத்தான ஏற்றம். ஐந்து நிமிஷத்தில் வர வேண்டிய வீட்டுக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

பொழுது சாயும் முன்னமே தொடை இரண்டும் கனத்தன. குன்றேறிய வலிதான் என்று எண்ணெய் தேய்த்தாள். வலி இறங்கவில்லை, ஏறிற்று. கோழிகளை அடைக்க முற்றத்துப் படியில் கால் வைத்தாள். கால் ஏறவில்லை. கையால் தொடையைத் தூக்கி வைத்துப் பார்த்தாள், அப்போதும் ஏறவில்லை. அந்த ஒற்றைப் படிக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். அரெத்தியின் கோயில் படி கண் முன்னால் வந்தது.

சுவரைப் பிடித்துப் பிடித்துக் கழிப்பறைக்குப் போனாள். சிறுநீர் காப்பி நிறத்தில் இருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போலத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். நிறம் போன பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை, பாழாய்ப் போன அளவெடுக்கும் நாள். போகாவிட்டால் டாக்டர் கிளியோவுக்குப் போன் பண்ணிவிடுவாள். அதனால் புருஷனின் பழைய கைத்தடியை எடுத்துக்கொண்டு, கால் இரண்டையும் இழுத்து இழுத்துப் போனாள். முறை வந்ததும் கைப்பிடியை வாங்கினாள். கர்த்தரையும் மாதாவையும் வேண்டிக்கொண்டு, பல்லைக் கடித்து இறுக்கினாள். முள் ஒன்பதில் நின்றது.

"இன்னொரு தடவை பார்க்கலாமா எர்மியோனி அம்மா?" என்றாள் ஸ்மாரோ.

இன்னொரு தடவை எட்டு. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னபோது எர்மியோனி முன்னால் சாய்ந்தாள், அவ்வளவுதான், எழவே இல்லை. அறையில் இருந்த மற்றக் கிழவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஸ்மாரோ அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுத்து, அதைக் கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது.

"தசை சிதைஞ்சா ரத்தத்துல ஒரு பொருள் கலக்கும்" என்றாள் ஸ்மாரோ. சின்னப் பெண், முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ள இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. "சாதாரணமா நூறு, நூத்தம்பது இருக்கும். உங்களுக்கு நாப்பதாயிரம். அது போய் கிட்னியை அடைச்சுடும். உடனே ஆஸ்பத்திரியில சேரணும்."

மேசையில் போன் கிடந்தது. அதன் ஸ்பீக்கரில் கிளியோ இருந்தாள், ஏதென்ஸிலிருந்து அழுதுகொண்டே.

"கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று ஆரம்பித்தாள் ஸ்மாரோ.

"இல்ல டாக்டரம்மா."

"கீழ விழுந்தீங்களா? காளான் ஏதாவது?"

"இல்ல."

"காடை சாப்பிட்டீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே என்பதுதான். மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கதவுக்கு வெளியே பாதி ஊர் காதை வைத்துக்கொண்டு நிற்கிறது. இக்னாத்திஸின் பெட்டி, துப்பாக்கி எல்லாம் சந்திக்கு வரும். அதுவும் எதற்கு? அவளைவிட இரண்டு மடங்கு தின்ற அந்த ஆள் காலையில் கடைத்தெருவில் குத்துக்கல்லாட்டம் நின்றதை அவளே பார்த்தாள். காடையாவது மண்ணாவது. இது அரெத்திக்கு வந்ததுதான். எப்படியும் ஆகப்போவது ஆகும், மானமாவது மிஞ்சட்டும்.

"எங்க வீட்ல காடை நுழையாது" என்றாள். "கிளியோவைக் கேளுங்க."

"ஆமா டாக்டர்" என்றது போன். "பாட்டி காலத்துலேர்ந்தே கிடையாது. எங்க பெரியம்மாவுக்கு இப்படித்தான் கால்லேர்ந்து ஆரம்பிச்சுது, அதைப் பாருங்க டாக்டர்."

ஸ்மாரோ காடையை விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். கட்டிலுக்கு அடியில் சிறுநீர் இறங்க ஒரு பை தொங்கியது. நர்ஸ் வரும்போதெல்லாம் குனிந்து பையைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போனாள். வாரத்தில் இரண்டு நாள் ஸ்மாரோவுக்கு அங்கேயும் டூட்டி. அவள்தான் உள்ளதைச் சொன்னாள். சிறுநீர் குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் குறைந்தால் ரத்தத்தை மிஷினில் சுத்தம் பண்ண வேண்டும். வியாழக்கிழமை விமானத்தில் ஏதென்ஸுக்குக் கொண்டுபோய்த் தொடையில் ஒரு துண்டு வெட்டிப் பார்க்க வேண்டும்.

எர்மியோனி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள். தூக்க முடிந்தால், இன்னும் கழுத்துக்கு வரவில்லை என்று ஒரு மூச்சு விடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தூக்கிப் பார்ப்பாள். யாரும் இல்லாத நேரத்தில் கண்ணிமையை ஒரு தடவை மூடித் திறந்தாள், அப்புறம் இரண்டு தடவை. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அரெத்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. அப்போது கரண்டி அவள் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிளியோ வந்து இறங்கினாள். வருகிற வழியிலேயே ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

"வீட்டைப் பூட்டிட்டேன்மா. நாற்காலிக்கெல்லாம் துணி போட்டாச்சு. கோழிங்களை எதிர்வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். முள் எட்டுலயாம், டாக்டர் சொன்னாங்க. நான் சண்டை போட வரலம்மா."

எர்மியோனி சண்டை போடவில்லை. போட என்ன இருக்கிறது. கோழிகள் போய்விட்டன என்றதும், தான் செத்த பிறகு வீடு எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. கொண்டை வெட்டுப்பட்ட சிவப்புக் கோழி எதிர்வீட்டுக்காரியிடம் முட்டை போடாது என்று மட்டும் சொல்ல நினைத்தாள், அதையும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இக்னாத்திஸ் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாய்க்காரன் வாயே இல்லாதவன் மாதிரி வாசலில் நின்றான். துணி சுற்றிய பாத்திரம் ஒன்றைக் கிளியோவிடம் கொடுத்தான்.

"கோழி சூப்பும்மா. உங்கம்மாவுக்குத் தெம்பு வரட்டும்னு காலைலேர்ந்து காய்ச்சினேன்" என்றான். எர்மியோனியைப் பார்த்து ஒரு கண்ணை லேசாகச் சிமிட்டிவிட்டு, "நான் வெளில இருக்கேன்" என்று வராந்தாவுக்குப் போனான்.

அந்தச் சிமிட்டல் எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை.

"பாவம்மா அந்த மாமா. ஒரு வாய் குடி, நீ நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்று கிளியோ மூடியைத் திறந்தாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் பின்னந்தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். அரெத்திக்கு எர்மியோனி ஊட்டும்போது இப்படித்தான் தாங்குவாள். கரண்டி வந்தது.

பிரிஞ்சி இலை வாசம். அதற்கு அடியில் இன்னொரு வாசம், ஞாயிற்றுக்கிழமை வாசம். கரண்டியில் தீக்குச்சி அளவுக்கு ஒரு எலும்பு மிதந்தது. கோழிக்கு அப்படி எலும்பு கிடையாது.

எர்மியோனி வாயை மூடிக்கொண்டாள். உடம்பு அவளை முந்திக்கொண்டது. குமட்டிக்கொண்டு வந்தது. நம்ம ரத்தத்துக்கு ஆகாது என்று அம்மா சொன்னது காதுக்குள் கேட்டது. இக்னாத்திஸின் ரத்தத்துக்கு ஆகாது என்று அம்மா சொல்லவில்லையே. இவ்வளவு நாளும் அவன் தின்றான், அவன் நன்றாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் மண்டையில் ஏறிற்று.

"வாயைத் திறம்மா, குழந்தை மாதிரி அடம் பிடிக்காத" என்றாள் கிளியோ. கரண்டி உதட்டில் இடித்தது. கையில் ஊசி, தட்டிவிட முடியாது. குடித்துவிட்டால் மானம் தப்பும், உயிர் போகும். அதுகூடப் பரவாயில்லை, உயிர் போகாமல் கண்ணிமை மட்டும் மிஞ்சிவிட்டால் என்ன செய்வது? முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். சூப் தலையணையில் கொட்டியது.

"அது கோழி இல்லடி."

"பின்ன என்னவாம்?"

"காடை. ஞாயித்துக்கிழமை அந்த ஆள் வீட்டுக்குப் போனேன். அவன் மேசைல உட்கார்ந்து அஞ்சு காடை தின்னேன். ஊர் பார்த்துடக் கூடாதுன்னு குன்றைச் சுத்தி நடந்து வந்தேன். நான் டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன் கிளியோ. எனக்குப் பயமா இருக்கு. டாக்டரைக் கூப்பிடு."

கிளியோ கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். "குன்று மேலயா? இந்த வயசுலயா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஸ்மாரோ வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. "நான் உங்களைக் கேட்டேன். பேர் சொல்லியே கேட்டேன்."

"வீட்ல நுழையாதுன்னுதான் சொன்னேன் டாக்டரம்மா. அது பொய் இல்ல."

"கிட்னி போயிருந்தா இந்த வக்கீல் பேச்சு காப்பாத்தியிருக்குமா?" கோபத்தோடேயே தண்ணீர் இறங்கும் வேகத்தைக் கூட்டினாள், நர்ஸிடம் ஏதோ மருந்து சொன்னாள். அப்புறம்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்தப் பக்கத்தில் எப்போதாவது இப்படி நடக்கும் என்றாள். வழியில் காடைகள் தின்னும் ஏதோ விஷ விதையால் என்று சொல்கிறார்கள், உறுதியாக யாருக்கும் தெரியாது. ஒரே சட்டியில் பத்துப் பேர் சாப்பிட்டாலும் ஒருவர்தான் விழுவார். பரம்பரையாகச் சில குடும்பங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. தின்றுவிட்டு உடம்பை அலட்டினால் இன்னும் மோசம்.

"அப்ப அரெத்தி?" என்று கேட்டாள் எர்மியோனி.

"அவங்களுக்கு வந்தது வேற. இது தேறும். நாள் ஆகும், ஆனா தேறும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீங்கன்னா என்னால இப்படிச் சொல்ல முடிஞ்சிருக்காது."

இதையெல்லாம் இக்னாத்திஸ் கதவோரம் நின்று கேட்டிருந்தான். ஆள் வெளிறிப்போய்விட்டான். தொப்பியைக் கசக்கிக்கொண்டே உள்ளே வந்து, "நான் உன்னைக் கொன்னுருப்பேனே எர்மியோனி. ரெண்டாவது தடவையும் எடுத்துட்டு வந்தேனே" என்றான். "அந்தப் பெட்டியை இன்னைக்கே கடல்ல வீசுறேன்."

"வீசு" என்றாள் அவள். அப்புறம், "சமையல் நல்லாத்தான்யா இருந்துது" என்றாள்.

மறுநாள் பையில் நிறம் மாறியது, தேநீர் நிறம், அப்புறம் வைக்கோல் நிறம். ரத்தத்தின் எண் இறங்கத் தொடங்கியது. ஏதென்ஸில் துண்டு வெட்டும் பேச்சு நின்றது. ஆனால் ஒப்பந்தம் நிற்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே கிளியோ சொல்லிவிட்டாள்.

"மூணு வாரம் லீவு போட்டிருக்கேன். அது முடியறப்ப டாக்டர் உனக்காக மறுபடியும் முள்ளைப் பார்ப்பாங்க. பதினாறு வரலைன்னா நீ என்னோட வர்ற. இந்தத் தடவை நீ எங்கிட்டயும்தான் பொய் சொன்ன."

எர்மியோனி தலையை ஆட்டினாள். ஒவ்வொரு நாளும் முற்றத்துப் படிக்கு முன்னால் போய் நிற்பாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள், ஏறியதும் தொடை தந்தி மாதிரி அதிரும். காடைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாலும், அந்த அதிர்வு வந்ததும் அரெத்தி வந்துவிடுவாள். துணியைப் பிழிந்தால் பாதித் தண்ணீர் துணியிலேயே நின்றது. கிளியோ பார்க்காத நேரமாகப் பார்த்து மறுபடி பிழிவாள். கிளியோ பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் கிளியோ அடுப்படியில் இருந்தபோது முற்றத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. எதிர்வீட்டுக்காரி என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் இக்னாத்திஸின் தலை. இந்தப் பக்கம் அம்மா, ஈரத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, போதும்யா, கால் நிக்கல என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கிளியோ அதற்கு முன் கேட்டதே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை அவள் ஜன்னலோரத்திலேயே நின்றிருந்தாள்.

அளவெடுக்கும் நாளில் எர்மியோனி ஒரு வாய் காப்பிகூட இறக்கவில்லை. சுகாதார நிலையத்தில் ஸ்மாரோ யாருடனோ போனில் பேசியபடியே கைப்பிடியை எடுத்துக் கொடுத்தாள். கிளியோ எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வட்டத்தின் முகம் அவள் பக்கம் இருந்தது.

எர்மியோனி மூச்சை இழுத்துக்கொண்டு இறுக்கினாள். தோள் நடுங்கிற்று, கழுத்து நரம்பு புடைத்தது. முற்றம், சிவப்புக் கோழி, வேலி, அரெத்தியின் இமை, எல்லாவற்றையும் அந்த இரும்பில் வைத்து இறுக்கினாள். முள் ஏறியது. பத்து, பன்னிரண்டு. பதினாலில் நின்றது. எத்தனையோ தடவை தலைகீழாகப் படித்த கண் அது, தப்பாகப் பார்க்காது. கை மரத்துப்போகும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். முள் அசையவில்லை. போச்சு என்று நினைத்தாள்.

"பதினேழு" என்றாள் கிளியோ.

போனை வைத்துவிட்டு ஸ்மாரோ குனிந்து முள்ளைப் பார்த்தாள். அப்புறம் கிளியோவைப் பார்த்தாள். கிளியோ பார்வையைத் தாழ்த்தவில்லை. ஸ்மாரோ தான் பார்த்த எண்ணை எழுதிக்கொண்டாள், ஆனால் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. "அடுத்த தடவை இன்னும் ஏறும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வழக்கமான கேள்விகளுக்கு வந்தாள். கடைசியாக எப்போது மனசு விட்டுச் சிரித்தீர்கள் என்று கேட்டாள். எர்மியோனி மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "முந்தாநாள்" என்றாள்.

வெளியே வந்ததும் கிளியோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் எதிர்வீட்டுல போய்க் கோழிங்களைத் திருப்பிக் கேக்கணும்" என்றாள். "அந்தச் சிவப்பு ஒரு முட்டைகூடப் போடலையாம்."

"அது போடாது" என்றாள் எர்மியோனி.

சுகாதார நிலையத்துப் படி மூன்றுதான், ஆனால் உயரம். முதல் படியிலேயே தொடை அதிர்ந்தது. பழைய பயம் எழுந்து வந்தது. எர்மியோனி அதை மறைக்கவில்லை. மகளின் கையைப் பற்றிக்கொண்டு, தன்னிடம் இருந்த பதினாலு கிலோவையும் போட்டு இறுக்கிப் பிடித்து இறங்கினாள்.